"முடிஞ்சிருச்சு" என்றால் யாருக்கு என்ன அர்த்தம்? பல நாட்டு அனுபவமும் டெக் டீமும்: கேள்வி பதில்

காரைக்குடி வாசகர்: ஐயா, சிங்கப்பூரில் ஆறு வருடம் மென்பொருள் டெஸ்டிங் வேலை பார்த்துவிட்டு ஊருக்கு வந்து, வீட்டிலிருந்தே சென்னை டீமுக்கு வேலை செய்கிறேன். எல்லோரும் தமிழர்தான். அங்கே பழகியது இங்கே உதவுமா?

நிறையவே உதவும். சீனர், மலாய்க்காரர், தமிழர் சேர்ந்த டீமில், நாம் சொன்னதை மற்றவர் எப்படி எடுத்துக்கொண்டார் என்று சரிபார்க்காமல் வேலை நகராது. அந்தப் பழக்கத்தை இங்கேயும் விடாதீர்கள். தமிழிலேயே பேசினாலும் டெவலப்பர், டெஸ்டர், ப்ராடக்ட் மேனேஜர் மூவரும் வேறு வேறு ஊர்க்காரர் மாதிரிதான். "முடிஞ்சிருச்சு" என்று டெவலப்பர் சொன்னால் கோடு மெர்ஜ் ஆகிவிட்டது, அதாவது எழுதிய நிரல் பொதுப் பிரதியில் சேர்ந்துவிட்டது என்று பொருள். டெஸ்டருக்கு அது சோதனைக் கேஸ் எல்லாம் பாஸ். மேனேஜருக்கோ, வாடிக்கையாளர் போனில் ஓடுகிறது. நடுவே நாலைந்து நாள் போய்விடும். சண்டை அங்கேதான் பிறக்கும்.

அடிக்கடி புழங்கும் பத்துச் சொற்களை எடுங்கள்: முடிந்தது, அவசரம், சின்ன மாற்றம், ரெடி போன்றவை. ஒவ்வொருவரும் தனித்தனியாக அர்த்தம் எழுதி அனுப்பட்டும். கூட்டத்தில் வாய்விட்டுக் கேட்டால் சீனியர் சொன்னதற்கே எல்லோரும் தலையாட்டிவிடுவார்கள். பிறகு ஒன்றாக வைத்துப் பார்த்து, சொல்லுக்கு ஒரே அர்த்தம் என்று முடிவுசெய்து டிக்கெட் (வேலைக் குறிப்பு) டெம்ப்ளேட்டின் தலையிலேயே போட்டுவிடுங்கள்.

தேவகோட்டை வாசகி: ஜெர்மனி டீமிடம் "சரி" என்கிறோம். அப்புறம் "ஒப்புக்கொண்டீர்களே" என்று கோபப்படுகிறார்கள்.

நம் "சரி" பல நேரம் "காதில் விழுந்தது" என்ற அளவில்தான் நிற்கும். அவர்கள் அதை வாக்குறுதியாக எடுத்துக்கொள்கிறார்கள். அதனால் "சரி"யோடு நிறுத்தாமல், "வியாழனுக்குள் லாகின் பக்கம் முடியும், பேமென்ட் முடியாது" என்று வேலையும் நாளும் சேர்த்துச் சொல்லுங்கள் அம்மா. பெரியவர் முன்னால் "முடியாது" சொல்ல ஜூனியர்களுக்குக் கூச்சம் இருக்கும். கூட்டத்துக்கு முன்பே எழுத்தில் கருத்து வாங்குங்கள், ஜூனியரை முதலில் பேசவிடுங்கள். ஒன்று மட்டும் கவனம்: ஜெர்மனிக்காரர் என்றாலே இப்படித்தான் என்று முத்திரை குத்தாதீர்கள். ஆளுக்கு ஆள் மாறும், கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

புதுக்கோட்டை வாசகர்: தேதி, நேரக் குழப்பத்துக்கு வழி?

03/04 என்பது நமக்கு ஏப்ரல் 3, அமெரிக்காவில் மார்ச் 4. 2026-04-03 என்று வருடத்தை முன்னால் வைத்து எழுதினால் தகராறே இல்லை. நம் மதியம் 2 மணி ஜெர்மனியில் குளிர்காலத்தில் 9.30, கோடையில் 10.30. மார்ச், அக்டோபர் கடைசி ஞாயிறுகளில் அங்கே கடிகாரத்தையே ஒரு மணி நேரம் மாற்றிவைப்பார்கள். அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறிலேயே மாறிவிடும். இடைப்பட்ட வாரங்களில் மூன்று நாட்டு மீட்டிங் கட்டாயம் குழம்பும், காலெண்டரைத் திறந்து பாருங்கள். எண்களிலும் கவனம்: ஜெர்மனியில் 1.250 என்றால் ஆயிரத்து இருநூற்று ஐம்பது. எண்ணை எண்ணாகவே சேமியுங்கள். புள்ளி, கமா எல்லாம் திரையில் காட்டும்போது மட்டும்.

அலகை எழுதாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் சாட்சி. ஒரு குழுவின் மென்பொருள் பவுண்டுக் கணக்கில் தந்த எண்ணை மற்றொரு குழு நியூட்டன் கணக்கு என்று எடுத்துக்கொண்டது. 1999இல் விண்கலமே போய்விட்டது.

கல்லூரி மாணவி, காரைக்குடி: நான் வெளிநாடே போனதில்லை. எனக்கு இது வருமா?

தாராளமாக வரும். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போன ஊர் நம் ஊர். கடைப் பொறுப்பில் போனவர் தவணை, வழக்கமாக மூன்று வருடம், முடிந்து திரும்பும்போது அடுத்து வருபவரிடம் வரவு, பற்று, நிலுவை எல்லாம் கணக்காக ஒப்படைக்க வேண்டியிருந்தது. வீட்டில் பழைய பேரேடு இருந்தால் எடுத்துப் புரட்டிப் பார், எவ்வளவு துப்புரவாக எழுதியிருக்கிறார்கள் என்று தெரியும். புராஜெக்டில் டெஸ்டரிடம் வேலை ஒப்படைக்கும்போது அதையே செய்: என்ன செய்தாய், எது நிலுவை, எந்த போனில் சோதித்தாய், எதைச் சோதிக்கவில்லை. நாலு வரி போதும். கடைசி வரியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பக் (மென்பொருள் பிழை) அங்கிருந்துதான் வரும்.