மாடு மேய்ந்தால் புல்வெளி அழியும் என்பார்கள். அமெரிக்காவில் மாட்டை விட்டே மீட்பதாகச் சொல்கிறார்களே, எப்படி?

புல்லை அழிப்பது மாடு அல்ல, ஓய்வில்லாமை. கடித்த புல் மறுபடி துளிர்க்கும்போதே மீண்டும் கடிபட்டால் வேர் சுருங்கி, அந்த இடத்தைக் களை பிடிக்கும். அமெரிக்கப் பெருஞ்சமவெளியில் முன்பு பைசன் எனும் காட்டெருமைக் கூட்டம் மேய்ந்துவிட்டு நகர்ந்துபோகும். பண்ணையார்கள் அதைத்தான் ஒற்றைக்கம்பி மின்வேலியால் அடைத்து, இடம் மாற்றி மாற்றி மேய்த்துச் செய்து பார்க்கிறார்கள்.

கணக்கு இதுதான். 450 கிலோ மாடு தன் எடையில் சுமார் 2.5 சதவீதம், அதாவது நாளுக்கு 11 கிலோ உலர்தீவனம் (ஈரத்தைக் கழித்த எடை) தின்னும். 100 மாட்டுக்கு 1,100 கிலோ. ஹெக்டேருக்கு அதே உலர் எடையில் 2,000 கிலோ புல் நின்றால் பாதியை விட்டுவைக்க வேண்டும். ஆகவே நாளுக்கு 1.1 ஹெக்டேர் அடைப்பு. பிறகு ஓய்வு: நல்ல வளர்ச்சிக் காலத்தில் 30 நாள், வளர்ச்சி மந்தமானால் 60 முதல் 90 நாள், வறண்ட மேய்ச்சல் நிலமானால் ஓர் ஆண்டுகூட. நாட்காட்டியைப் பார்த்து மாட்டைத் திருப்புகிறவர்கள்தான் தோற்கிறார்கள்; புல்லைப் பார்க்க வேண்டும். மழை பொய்த்தால் மாட்டை விற்று எண்ணிக்கையைக் குறைப்பதே வழி. அதற்கு மனசு வராமல் நிலத்தைக் கெடுத்தவர்கள் உண்டு.

தண்ணீர்த் தொட்டி தூரமானால் மாடு அதைச் சுற்றியே மேய்ந்து மிதித்துவிடும். காய்ந்த மண்ணில் எர்த் சரியாகக் கிடைக்காது, வேலியில் ஷாக் அடிக்காது.

அமெரிக்காவின் இயற்கை (ஆர்கானிக்) மாட்டிறைச்சி முத்திரை வேறு சங்கதி: நிலத்தில் 3 ஆண்டுகள் தடைசெய்த ரசாயனம் கூடாது; கன்று தாய் வயிற்றிலிருக்கும் கடைசி மூன்று மாதத்திலிருந்தே விதி தொடங்கும். நோய்க்கு ஆன்டிபயாடிக் போட்ட மாட்டை அந்த முத்திரையோடு விற்க முடியாது. அதற்காக வைத்தியம் பார்க்காமலும் விடக்கூடாது.