அமெரிக்கப் பாடகரும் பாடலாசிரியருமான ஜேசன் இஸ்பெல் டிரைவ்-பை டிரக்கர்ஸ் ராக் இசைக்குழுவிலிருந்து வெளியேறிய பிறகு எப்படி மேலே வந்தார்? அவருடைய எந்த ஆல்பத்தில் தொடங்கலாம்?

தொடங்க வேண்டியது 2013இல் வந்த ‘சவுத்ஈஸ்டர்ன்’. ஆனால் 2007இல் குழுவை விட்டு வந்தவருக்கு அந்த ஆல்பம் கைகூட ஆறு வருஷம் ஆனது. இடையில் என்ன நடந்தது என்று தெரிந்தால்தான் அதன் அருமை புரியும்.

அலபாமாவில் மஸில் ஷோல்ஸ் பக்கம் கிரீன் ஹில் என்ற சிற்றூரில் 1979இல் பிறந்தவர் இஸ்பெல். மஸில் ஷோல்ஸில் உள்ள புகழ்பெற்ற ஃபேம் ஸ்டுடியோவின் பாடல் பதிப்பகத்துக்குப் (பாடல்களின் உரிமையைக் கவனிக்கும் நிறுவனம்) பாட்டு எழுதிக்கொடுக்கும் ஒப்பந்தம் இளம் வயதிலேயே கிடைத்தது. 2001இல், 22 வயதில், டிரைவ்-பை டிரக்கர்ஸில் மூன்றாவது கிட்டார் கலைஞராகச் சேர்ந்தார். அந்தக் குழுவில் பேட்டர்சன் ஹூட், மைக் கூலி என்று கைதேர்ந்த பாடலாசிரியர்கள் இருவர் ஏற்கெனவே இருந்தார்கள். ஆகவே இவருக்குக் கிடைத்த இடம் கொஞ்சம்தான்: ‘டெகரேஷன் டே’ ஆல்பத்தில் 2 பாட்டு, ‘தி டர்ட்டி சவுத்’தில் 4, ‘எ பிளெஸ்ஸிங் அண்ட் எ கர்ஸ்’ ஆல்பத்தில் 2. மூன்று ஆல்பத்துக்கும் சேர்த்து எட்டே பாட்டு.

அந்த எட்டில் ‘அவுட்ஃபிட்’ ஒன்றைக் கேட்டாலே ஆள் யார் என்று பிடிபட்டுவிடும். இசைக்குழுவோடு ஊர் ஊராகப் போகும் மகனுக்கு அப்பா சொல்லும் புத்திமதிதான் பாட்டு. பணக்காரன் வீட்டுக்குப் பெயின்ட் வாளி தூக்காதே, வராத இங்கிலாந்து உச்சரிப்பை இழுத்துப் பாடாதே, சகோதரியின் பிறந்தநாளுக்கு வீட்டுக்குப் போன் பண்ணு. ஒரு குடும்பத்தின் பணநிலை, மானம், பாசம் மூன்றும் இந்தச் சின்னச் சின்ன கட்டளைகளிலேயே வந்துவிடுகின்றன.

2007 ஏப்ரலில் பிரிவு. அப்போது சுமுகமான பிரிவு என்றுதான் வெளியே சொன்னார்கள். குடி கைமீறிப் போயிருந்தது, குழுவிலேயே பாஸ் கிட்டார் வாசித்த மனைவி ஷோனா டக்கரோடு மணவாழ்க்கையும் முறிந்துகொண்டிருந்தது. தன்னை வெளியே அனுப்பினார்கள் என்று இஸ்பெல்லே பின்னாளில் பேசியிருக்கிறார்.

குழுவை விட்டு வரும் பாடகர் எதைக் கையோடு கொண்டுவர முடியும்? குழுவின் பெயர் அங்கேயே தங்கிவிடும். பதிவான ஒலிநாடாவின் உரிமை, அதாவது மாஸ்டர் உரிமை, ஒப்பந்தப்படி பெரும்பாலும் லேபிளிடம், அதாவது இசைத்தட்டு நிறுவனத்திடம், இருக்கும். ஆனால் வரியும் மெட்டும் சேர்ந்த பாடல் என்பது வேறு சொத்து. அதன் வருமானம் எழுதியவரையும் அவருடைய பதிப்பகத்தையும் சேரும், மேடையில் பாடவும் பழைய குழுவிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அந்த எட்டு பாட்டும் முதல் நாளிலிருந்தே இஸ்பெல்லின் தனிக் கச்சேரிகளுக்குக் கைகொடுத்தது இப்படித்தான். பாட்டு எழுதாமல் கிட்டார் மட்டும் வாசித்த ஒருவர் இதேபோல் வெளியேறினால் கையில் ஒன்றும் இருக்காது.

இன்னொரு அனுகூலமும் இருந்தது. முதல் தனி ஆல்பமான ‘சைரன்ஸ் ஆஃப் தி டிட்ச்’ அவர் குழுவில் இருந்தபோதே ஃபேமில் பதிவானது. ஹூட் இணைத் தயாரிப்பாளர். வெளியேறிய மூன்றாம் மாதமே, ஜூலையில், 11 பாட்டோடு ஆல்பம் வந்துவிட்டது. ஈராக்கில் உயிரிழந்த உள்ளூர் இளைஞன் ஒருவனைப் பற்றிய ‘டிரெஸ் புளூஸ்’ இதில்தான் இருக்கிறது. மற்றபடி ஆல்பம் ஒரு முகமாக நிற்கவில்லை என்பது என் கருத்து. சோல், ராக், மென்பாட்டு என்று எல்லாத் திசையிலும் ஓடுகிறது.

அடுத்துத் தனக்கென்று ஒரு குழுவைச் சேர்த்தார்: தி 400 யூனிட். அலபாமாவின் ஃபிளாரன்ஸ் ஊர் மருத்துவமனையில் இருந்த மனநலப் பிரிவின் பெயர் அது. 2009 ஆல்பம் பெரிதாக எடுபடவில்லை. 2011இல் வந்த ‘ஹியர் வி ரெஸ்ட்’டில் எழுத்து இறுகியது, அதில் உள்ள ‘அலபாமா பைன்ஸ்’ 2012இல் அமெரிக்கானா (கன்ட்ரி, நாட்டுப்புறம், ராக் கலந்த அமெரிக்க இசைவகை) சங்கத்தின் ஆண்டின் சிறந்த பாட்டு விருதைப் பெற்றது. அதே 2012 பிப்ரவரியில் அவர் குடிநோய் சிகிச்சைக்குப் போனார். அதில் உறுதியாக நின்று அனுப்பிவைத்தவர்களில் முக்கியமானவர் வயலின் கலைஞர் அமாண்டா ஷையர்ஸ். மறுவருஷம் இருவரும் மணம் செய்துகொண்டார்கள் (2023 இறுதியில் மணவிலக்குக்கு மனு போனது).

அந்தச் சிகிச்சைக்குப் பிறகு வந்ததுதான் ‘சவுத்ஈஸ்டர்ன்’. நாஷ்வில்லில் தயாரிப்பாளர் டேவ் காப் தன் வீட்டு ஸ்டுடியோவில் பதிவு செய்தது. குரலும் அகௌஸ்டிக் கிட்டாரும் முன்னால் நிற்கும், மற்ற வாத்தியங்கள் தேவைப்பட்ட இடத்தில் மட்டும் வந்து விலகும். முதல் பாட்டு ‘கவர் மீ அப்’பில் பல்லவிக்குக் குரல் ஏறும் இடத்தைக் கவனியுங்கள், இவ்வளவு வெளிச்சமான ஒலிப்பதிவில் பிசிறு அடித்தால் ஒளிக்க இடமே கிடையாது. ‘எலிஃபன்ட்’ இன்னும் கடினமான பாட்டு. புற்றுநோயில் சாகப்போகும் பெண்ணும் அவளுடைய நண்பனும் பாரில் உட்கார்ந்து குடிக்கிறார்கள், சிரிக்கிறார்கள். நோயைப் பற்றிப் பேசாமல் இருக்க இருவரும் படும் பாடுதான் பாட்டு. உதிர்ந்த முடியைக் கூட்டி அள்ளும் வரி வரும்போது கூட மெட்டு அழாது, அதே நிதானத்தில் போகும். அதனால்தான் கேட்பவர் உடைந்துபோகிறார்.

இந்த ஆல்பத்தைத் தன் சொந்த லேபிளான சவுத்ஈஸ்டர்ன் ரெக்கார்ட்ஸில் வெளியிட்டார். விநியோகம் தர்ட்டி டைகர்ஸ் என்ற நிறுவனம். வழக்கமான ஒப்பந்தத்தில் லேபிள் முன்பணம் தரும், மாஸ்டரை எடுத்துக்கொள்ளும், பாடகருக்கு ராயல்டி மட்டும் வரும். அதுவும் முன்பணம் கழிந்த பிறகுதான். தர்ட்டி டைகர்ஸ் முறையில் விநியோகத்துக்கும் விளம்பரத்துக்கும் ஒரு பங்கு போகும், மாஸ்டர் பாடகரிடமே நிற்கும். ஆல்பம் ஓடாவிட்டால் நஷ்டம் பாடகர் தலையில் விழும் என்பது இதன் மறுபக்கம். இவருக்கு ஓடியது. 2014இல் அமெரிக்கானா விருதுகளில் சிறந்த கலைஞர், ஆல்பம், பாட்டு மூன்றும் அவருக்கே. ‘சம்திங் மோர் தன் ஃப்ரீ’ (2015), ‘தி நாஷ்வில் சவுண்ட்’ (2017), ‘வெதர்வேன்ஸ்’ (2023) ஒவ்வொன்றுக்கும் இரண்டு என ஆறு கிராமி.

பாடல் உரிமையின் வலு 2021இல் நன்றாகத் தெரிந்தது. கன்ட்ரி பாடகர் மார்கன் வாலன் ‘கவர் மீ அப்’பைத் தன் ஆல்பத்தில் பாடினார். ஒருமுறை வெளியான பாட்டை, சட்டப்படியான கட்டணம் கட்டி, யாரும் மறுபதிவு செய்யலாம் என்பது அமெரிக்கச் சட்டம். எழுதியவர் தடுக்க முடியாது. அப்போதைய கட்டணம், ஐந்து நிமிடத்துக்கு மிகாத பாட்டென்றால், விற்கும் பிரதி ஒன்றுக்கு 9.1 சென்ட். பத்து லட்சம் பிரதிக்கு 91,000 டாலர் (ஸ்ட்ரீமிங் கணக்கு தனி). வாலன் இனவெறிச் சொல்லைப் பயன்படுத்திய வீடியோ வெளியானதும், அந்த ஆல்பத்திலிருந்து தனக்கு வந்த பணத்தைக் கறுப்பின மக்களின் உரிமை அமைப்பான என்ஏஏசிபியின் நாஷ்வில் கிளைக்குக் கொடுப்பதாக இஸ்பெல் அறிவித்தார். சட்டம் விட்ட ஒரே வழியில் அவர் காட்டிய எதிர்ப்பு அது. எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது அதனால்தான்.

அமெரிக்கத் தென்மாநிலங்களின் ராக் இசையான சதர்ன் ராக்கை இஸ்பெல் விட்டுவிட்டார் என்று சிலர் சொல்வது சரியில்லை. அந்த இசையில் புகழ்பெற்ற லினர்ட் ஸ்கினர்ட் குழுவின் கிட்டார் கலைஞர் எட் கிங் வைத்திருந்த ‘ரெட் ஐ’ என்ற 1959 லெஸ் பால் ரக எலெக்ட்ரிக் கிட்டார் இப்போது இவரிடம்தான். ‘வெதர்வேன்ஸ்’ கடைசிப் பாட்டு ‘மைல்ஸ்’ முழுக்க கிட்டார்கள் நிறைந்து நீளும் பாட்டு.

கேட்கும் வரிசை என்று கேட்டால்: ‘சவுத்ஈஸ்டர்ன்’ முழுதாக, ஹெட்போனில். பிறகு ‘தி டர்ட்டி சவுத்’துக்குப் பின்னோக்கிப் போங்கள், ஹூட், கூலி இருவர் பாட்டோடு சேர்த்துக் கேட்டால் இவர் எங்கே வேறுபடுகிறார் என்று தெரியும். பிறகு ‘வெதர்வேன்ஸ்’. 2025இல் வந்த ‘ஃபாக்ஸஸ் இன் தி ஸ்னோ’வைக் கடைசிக்கு வையுங்கள். நியூயார்க் எலெக்ட்ரிக் லேடி ஸ்டுடியோவில் ஐந்தே நாளில், 1940ஆம் வருஷத்து மார்ட்டின் கிட்டார் ஒன்றோடு தனியாக உட்கார்ந்து பாடியது. குழு இல்லாத இஸ்பெல்லை முதலிலேயே கேட்டால் ஒரே தொனியாகத் தோன்றி, பாதியில் நிறுத்திவிட வாய்ப்பிருக்கிறது.