விடுமுறைக்குள் நான்கு வகுப்பறைகள்: மர மாட்யூல்கள் கைகொடுக்குமா?

கேள்வி: எங்கள் பள்ளிக்கு அவசரமாக நான்கு வகுப்பறைகள் தேவை. தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து பொருத்தும் மர மாட்யூல்களை, அதாவது ஆயத்த அறைப் பகுதிகளை, சிலர் பரிந்துரைக்கிறார்கள். இரண்டு மாத விடுமுறையில் முடியுமா? மரம் என்பதால் தீயை நினைத்தால் பயமாக இருக்கிறது.

பதில்: முடியும். ஆனால் அந்த இரண்டு மாதம் பள்ளி வளாகத்தில் நடக்கும் வேலைக்கு மட்டும்தான். வரைபடம், அனுமதி, தயாரிப்பு எல்லாம் பல மாதங்கள் முன்பே தொடங்க வேண்டும். செங்கல் கட்டடத்தில் சுவர் எழும்பிய பிறகும் 'சுவிட்சை இந்தப் பக்கம் வையுங்கள்' என்று சொல்லலாம். இதில் வயரிங், ஜன்னல் எல்லாம் தொழிற்சாலையிலேயே முடிந்துவிடும். ஆகவே ஆசிரியர்களோடு உட்கார்ந்து பேசுவதை ஆர்டர் கொடுக்கும் முன்பே முடித்துவிடுங்கள்.

தீயைப் பற்றிய பயம் நியாயமானதே. தடித்த மரப் பலகை எரியும்போது மேல்பகுதி கரியாகி, அந்தக் கரியே உள்ளே வெப்பம் இறங்குவதைத் தாமதப்படுத்தும். நிமிடத்துக்கு சுமார் 0.7 மி.மீ. ஆழம் கரியாகும்; அரை மணியில் ஏறத்தாழ 2 செ.மீ. அதையும் சேர்த்துத்தான் தடிமனைக் கணக்கிடுவார்கள். மெல்லிய சட்டங்களால் ஆன சுவர் என்றால் கதை வேறு. அங்கே காப்பது ஜிப்சம் பலகைதான். உங்களுக்கு வரப்போவது எது என்று கேளுங்கள்.

என்னைக் கேட்டால், தீயைவிட அதிகம் கவனிக்க வேண்டியது தண்ணீரை. மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கு மேலேயே நீடித்தால் பூஞ்சை பிடித்து உளுத்துப்போகும். லாரியிலிருந்து இறங்கியது முதல் கூரை இணைப்புகளை மூடும் வரையிலான நாட்கள்தான் ஆபத்தானவை. இரண்டு ஊசி வைத்த ஈரமானி ஒன்று கையில் இருக்கட்டும். சுவரின் அடிக்கட்டை, மூலைகள், ஜன்னலுக்குக் கீழே எனக் குத்திப் பாருங்கள். 18 சதவீதத்தைத் தாண்டினால், உலரும் வரை அந்த இடத்தைப் பலகை அடித்து மூட விடாதீர்கள். உள்ளே அடைபட்ட ஈரம் வெளியே தெரியும்போது காலம் கடந்திருக்கும்.

அஸ்திவாரம் மில்லிமீட்டர் பிசகாமல் அமைய வேண்டும். அதை மாட்யூல் தயாராகும்போதே போட்டுவிடலாம். கிரேன் நிற்க இடமும், லாரி திரும்ப வழியும், மேலே மின்கம்பி இல்லாததும் முக்கியம்.

பழைய கட்டடத்தின் மேல்தளத்தில் வைக்கும் எண்ணம் இருந்தால், மரம் கான்கிரீட்டின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் என்பது சாதகம். ஆனாலும் கட்டமைப்புப் பொறியாளர் பழைய தூண்களைச் சோதிக்காமல் சம்மதிக்காதீர்கள். பக்கத்தில் ஒட்டிக் கட்டினாலும், இரண்டும் தனித்தனியாக அசையும்படி இடைவெளி விட வேண்டும்.