கட்டானுக்கு ஒரு கொட்டான்

கேள்வி: சிங்கப்பூரில் இருக்கும் மகன் போன தடவை வந்தபோது ‘கட்டான்’ என்ற பலகை விளையாட்டை வாங்கி வந்து வைத்துவிட்டுப் போனான். லீவுக்கு வரும் பேரப்பிள்ளைகள் ஆடி முடித்ததும் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் கொட்டி மூடிவிடுகிறார்கள். அடுத்த முறை பொறுக்கிப் பிரிக்கவே அரை மணி நேரம் ஆகிறது. இதற்கென்றே மரத்தில் அறை அறையாகச் செய்து விற்கிறார்களாம். விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. செலவில்லாத வழி உண்டா, ஆச்சி?
- வாசகி, தேவகோட்டை

பதில்: உண்டு. ஆனால் உடனே கடைக்கு ஓடாதீர்கள். முதலில் விளையாட்டுப் பெட்டியின் உள்பக்கத்தை ஸ்கேல் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். உயரம் ரொம்ப முக்கியம். நான் அளக்காமல் போய், காரைக்குடிச் சந்தையில் மலிவாகக் கிடைத்ததே என்று ஒரு டஜன் டப்பா வாங்கி வந்தேன். எல்லாவற்றையும் அடுக்கி மூடினால், மூடி அரை அங்குலம் தூக்கிக்கொண்டு நின்றது. இப்போது அவற்றில் வெந்தயமும் ஓமமும் இருக்கின்றன.

அடுத்து, எதை எதோடு சேர்ப்பது? ஊர்க் காயெல்லாம் ஒரு டப்பா, சாலைக் காயெல்லாம் ஒரு டப்பா என்று பிரிக்கத்தான் முதலில் தோன்றும். பார்க்க லட்சணமாக இருக்கும். ஆட உட்கார்ந்தால் மறுபடியும் நிறம் பார்த்துப் பொறுக்க வேண்டும். அதனால் நிறவாரியாகப் பிரியுங்கள். கட்டானில் ஓர் ஆளுக்கு 15 சாலை, 5 ஊர், 4 நகரம், ஆக 24 காய். நாலு நிறத்துக்கு நாலு டப்பா. பிள்ளை வந்து உட்கார்ந்ததும் கையில் ஒன்றைக் கொடுத்தால் ஆட்டம் தொடங்கிவிடும். மூடியின் உள்பக்கம் 15, 5, 4 என்று எழுதி ஒட்டுங்கள். ஆடி முடித்ததும் அவரவர் எண்ணிப் போடட்டும். கல்யாணச் சாமானைக் கணக்கெழுதித்தானே நாம் உள்ளே வைக்கிறோம்?

இதற்கு ஓட்டலில் சட்னி, சாம்பார் கட்டித் தரும் சின்ன மூடி டப்பாவே போதும். நன்றாகக் கழுவி இரண்டு நாள் திறந்து வையுங்கள், இல்லாவிட்டால் ஊருக்கும் நகரத்துக்கும் சாம்பார் வாசனை அடிக்கும். புதிதாக வேண்டுமென்றால் பார்சல் சாமான் விற்கும் கடையில் டஜன் கணக்கில் கிடைக்கும்.

சரக்கு அட்டைகள் 95. ஐந்து வகை, வகைக்கு 19. இவற்றுக்குச் சோப்பு டப்பா பார்த்து வாங்குங்கள். ஓர் அட்டையைக் கையோடு கொண்டுபோய்க் கடையிலேயே வைத்துப் பார்த்துவிடுங்கள். ரப்பர் பேண்டு மட்டும் போட வேண்டாம். நம் ஊர் வெயிலுக்கு அது இளகி அட்டையோடு ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் படமும் சேர்ந்து வரும். காகிதத்தை நாடா மாதிரி வெட்டிச் சுற்றினால் போதும். எண் வில்லைகள் 18க்கும் ஒரு ஜிப் கவர். நில வில்லைகள் 19ஐயும் பெட்டியின் அடியில் அப்படியே அடுக்கிவிடலாம்.

அஞ்சறைப்பெட்டியில் போட்டால் என்ன என்று கேட்பீர்கள். கிண்ணம் வட்டம், அட்டை நீள்சதுரம். சரிப்படாது. ஆனால் கல்யாணத்தில் வந்த ஓலைக் கொட்டான் (சின்னக் கூடை) வீட்டில் சும்மா கிடக்குமே, அதை ஆடும்போது எடுங்கள். பட்டாலையில் வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கொரு கொட்டானில் காயைப் போட்டுக்கொண்டால், ஆத்தங்குடிக் கல் தரையில் உருண்டு ஓடாது. முடிந்ததும் மறக்காமல் டப்பாவுக்கு மாற்றிவிடுங்கள், கொட்டானுக்கு மூடி கிடையாது.

கேள்வி: பழைய விளையாட்டுச் சாமான் இருக்கும் அலமாரியில் பாச்சா உருண்டை போடலாமா?
- வாசகர், கானாடுகாத்தான்

பதில்: போடாதீர்கள். சில வகை பிளாஸ்டிக்கை அது இளக வைத்துவிடும். எங்கள் வீட்டு லூடோவில் சிவப்புக் காய் நாலும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது அப்படித்தான். வசம்பைத் தட்டித் துணியில் முடிந்து வையுங்கள். பித்தளைத் தாயக்கட்டைக்கு ஒன்றும் ஆகாது. பல்லாங்குழிச் சோழியை எண்ணிப் பார்த்தீர்களா? 14 குழிக்கும் ஐந்தைந்தாக 70 இருக்க வேண்டும். என் அப்பத்தா விட்டுப்போனதில் 68தான் இருக்கிறது, மீதி இரண்டுக்குப் புளியங்கொட்டை போட்டிருக்கிறேன்.