காருடன் வந்த ஸ்டீரியோவைக் கழற்றிவிட்டுப் புதியது மாட்டலாமா?

மாட்டலாம். ஒயரை மட்டும் வெட்ட விடாதீர்கள். இதோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் "அரை மணி நேர வேலை என்று கடைக்காரர் சொல்கிறார்" என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் வயிறு எரிந்துவிட்டது. என்னிடம் சொன்னது இருபது நிமிடம்.

உங்களுடையது கொஞ்சம் பழைய கார், செட்டில் புளூடூத் இல்லை, ஃபோனை எவர்சில்வர் டம்ளரில் போட்டுப் பாட்டுக் கேட்டுக்கொண்டே ஓட்டுகிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். 2017இல் திருச்சியில் நானும் அதே டம்ளரோடுதான் ஓட்டிக்கொண்டிருந்தேன். 2010 மாடல் சிறிய கார். சிடியும் ரேடியோவும் உண்டு, வேறு எதுவும் கிடையாது. என் மைத்துனர் தனக்குத் தெரிந்த கடை என்று ஓரிடத்துக்கு அழைத்துப்போனார். (இதே மைத்துனர்தான் ஒவ்வொரு தீபாவளிக்கும் என் காரை வாங்கிப்போய், பெட்ரோல் முள் சிவப்பைத் தொட்ட பிறகு திருப்பித் தருபவர். இன்றுவரை ஒரு லிட்டர் போட்டதில்லை. அதற்குத் தனிப் பதிலே எழுதலாம். என் மனைவியும் இந்தத் தளத்தில் இருக்கிறாள்.)

கடைப் பையன் பழைய செட்டை உருவினான். பின்னால் ஒயர்களை இணைக்கும் வெள்ளை பிளாஸ்டிக் கப்ளர்கள் இருந்தன. நாக்குப் போன்ற பகுதியை அழுத்தி இழுத்தால் கழன்றுவிடும். அவன் அழுத்தவில்லை. கட்டிங் பிளேயரை எடுத்து, வெண்டைக்காய் நறுக்குவதுபோல் எல்லா ஒயரையும் நறுக்கினான். பல்லால் உறையை உரித்து, முறுக்கி, கறுப்பு டேப்பைச் சுற்றினான். புதுத் திரை பளிச்சென்று எரிந்தது. நானும் மயங்கிப்போய்ப் பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.

சாவியை எடுத்த பிறகும் திரை அணையவில்லை. கேட்டதற்கு, "இந்த மாடல் அப்படித்தான் சார், பொத்தானை அழுத்தி அணைத்துவிடுங்கள்" என்றான். நம்பினேன். கடையில் வாங்கும் செட்டில் வழக்கமாக மஞ்சள் ஒயர் பேட்டரியிலிருந்து எப்போதும் மின்சாரம் எடுக்கும்; நேரமும் ரேடியோ நிலையங்களும் நினைவில் நிற்பது அதனால்தான். சிவப்புக்குச் சாவி போட்டால்தான் மின்சாரம் வர வேண்டும். சாவி வழியாக வரும் ஒயரைத் தேடச் சோம்பல்பட்டு, பையன் இரண்டையும் ஒன்றாக முறுக்கிவிட்டான். பொத்தானை அழுத்தினால் திரைதான் இருண்டது. உள்ளே செட் விழித்தே இருந்தது. என் காரில் 35 ஆம்பியர்-மணி பேட்டரி. தொடர்ந்து ஒரு ஆம்பியர் இழுத்தாலே ஒன்றரை நாளில் தீர்ந்துவிடும். சனி, ஞாயிறு வண்டியை எடுக்கவில்லை. திங்கள் காலை அப்பாவைக் கண் மருத்துவமனைக்கு அழைத்துப்போக வேண்டும். சாவியைத் திருகினால் "டிக்" என்றது, அவ்வளவுதான். ஆட்டோவில் போனோம்.

பிறகு ஒரு வயதான கார் எலக்ட்ரீஷியன் வந்து, மல்டிமீட்டரை வைத்து ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்தார். டேப்பின் பசை உருகி ஒயரெல்லாம் பிசுபிசுவென்று இருந்ததை விரலால் தொட்டுக் காட்டி, "இதற்குக் காசு வேறு கொடுத்தீர்களா?" என்று கேட்டார்.

அவர் சொல்லித்தான் தெரியும்: காரின் கப்ளருக்கும் புதுச் செட்டுக்கும் நடுவே மாட்டும் இணைப்பு ஒயர் தனியாகவே விற்கிறது. எனக்கு 350 ரூபாய் ஆனது. அதை வாங்கினால் ஒரு ஒயரையும் தொட வேண்டாம். காரை விற்கும்போது பழைய செட்டைத் திரும்ப மாட்டிவிடலாம். உங்கள் கார் வாரன்டியில் இருந்தால் இன்னும் முக்கியம். வெட்டிய ஒயரைப் பார்த்தால் சர்வீஸ் சென்டர் கையை விரிக்க அதுவே போதும். அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள். செட்டின் முகப்பு அளவுக்கு டின் (DIN) என்று பெயர்; சிங்கிள் டின் என்றால் 180 × 50 மில்லிமீட்டர், டபுள் டின் என்றால் 180 × 100. டாஷ்போர்டோடு வளைந்து ஒட்டியிருக்கும் செட் என்றால் உங்கள் மாடலுக்கான ஃபிரேம் வேண்டும். பெட்டியில் "50 வாட் × 4" என்று போட்டிருப்பதை நம்பி ஸ்பீக்கர் வாங்காதீர்கள். அது உச்சக் கணக்கு. தொடர்ந்து தருவது ஏறக்குறைய 20 வாட்தான்.

"எல்லாக் கடையும் அப்படியில்லை" என்று கருத்துப் பெட்டிக்கு ஓடி வருபவர்களுக்கு: தெரியும். நல்ல கடைக்காரர்கள் இருக்கிறார்கள். எனக்கு அமையவில்லை.

பேட்டரியைக்கூட மன்னித்துவிட்டேன். மன்னிக்க முடியாதது ரேடியோ. அப்பாவுக்குக் காரில் ஏறினால் திருச்சி வானொலி வேண்டும், மத்திய அலை (மீடியம் வேவ்) 936 கிலோஹெர்ட்ஸ். புதுச் செட் 930க்குப் போனது, அடுத்து 940க்குத் தாவியது. 936இல் நிற்கவே இல்லை. எஃப்.எம்.மிலும் 106.3, 106.5 உண்டு, 106.4 இல்லை. இரண்டு வாரம் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் புரிந்தது, செட் அமெரிக்காவில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறது. அங்கே மத்திய அலை பத்துப் பத்தாக நகரும். நமக்கு ஒன்பது ஒன்பதாக. செட்டின் அமைப்புகளுக்குள் (செட்டிங்ஸ்) போய் நாட்டை மாற்றியதும் 936 வந்தது, கூடவே அப்பளம் பொரிக்கும் சத்தமும். ஆன்டெனாவுக்கு மின்சாரம் தரும் நீல ஒயரைப் பையன் இணைக்காமலே விட்டிருந்தான். அதை இணைத்தும் இரைச்சல் பாதிதான் குறைந்தது.

"பழைய செட் எங்கே?" என்று அப்பா கேட்டார். 500 ரூபாய் கழித்துக்கொண்டு கடையிலேயே வாங்கிக்கொண்டார்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. இப்போது அவர் சட்டைப்பை டிரான்சிஸ்டரோடுதான் காரில் ஏறுகிறார். தகரக் கூட்டுக்குள் அலை சரியாக எடுக்காது என்பதால், அதைக் கண்ணாடியோரமாகப் பிடித்துக்கொண்டு செய்தி கேட்கிறார். என் ஏழு அங்குலத் திரையில் மணி மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது.