பசிக்கிறது என்று அவன் சொல்லவே இல்லை

"காலையில் எனக்கு டீ மட்டும்தான், என் பத்து வயது மகள் ஒரு தம்ளர் பாலோடு பள்ளிக்குப் போய்விடுகிறாள். மதியம் நன்றாகச் சாப்பிடுகிறோமே, காலை உணவு அவ்வளவு அவசியமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். மகளுக்கு அவசியம். ஒரு நாள்கூட விடாதீர்கள்.

நான் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஆசிரியை. சில ஆண்டுகளுக்கு முன் என் மூன்றாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். முதல் பாடவேளையில் கணக்கை மளமளவென்று போட்டுவிடுவான். பத்தரை மணி ஆனால் தலை சாய்ந்துவிடும். இரவெல்லாம் தொலைக்காட்சி பார்க்கிறான் என்று நானே முடிவு செய்துகொண்டு பலமுறை திட்டியிருக்கிறேன். ஒரு நாள் வயிறு வலிக்கிறது என்று அழுதான்.

"காலையில் என்ன சாப்பிட்டாய்?"

"டீ, டீச்சர்."

"நேற்று?"

"டீ."

அவன் அம்மா விடியும் முன்பே களை எடுக்கக் கிளம்பிவிடுவார். இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்ட சோற்றுக்குப் பிறகு அவன் வயிற்றுக்குப் போவது மதியச் சத்துணவுதான். நடுவில் பதினாறு மணி நேரத்துக்கு மேல். அவனைத் திட்டிய நாள்களை நினைத்தால் இன்றும் மனம் கூசுகிறது.

பசிக்கிறது என்று வகுப்பில் வாய்விட்டுச் சொல்லும் குழந்தைகள் மிகக் குறைவு. வயிற்றுவலி என்பார்கள், தலைவலி என்பார்கள், பக்கத்தில் இருப்பவனோடு சண்டை போடுவார்கள். நாம் தூங்கும்போதும் மூளை சர்க்கரையை எரித்துக்கொண்டே இருக்கிறது. கல்லீரலில் இருக்கும் சேமிப்பிலிருந்துதான் அது வருகிறது. குழந்தையின் கல்லீரல் சிறியது, அதில் சேர்வதும் கொஞ்சம். மூளையின் தேவையோ, உடல் எடையோடு ஒப்பிட்டால், பெரியவர்களைவிட அதிகம்.

2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்ட் 25 விரிவாக்கத்தில் எங்கள் பள்ளிக்கும் வந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று நாளுக்கு ஒன்று, கூடவே காய்கறி போட்ட சாம்பார். முதல் மாதத்திலேயே இரண்டாம் பாடவேளையின் முகங்கள் மாறிவிட்டன. அந்தப் பையன் அப்போது ஐந்தாம் வகுப்பு. பதினொரு மணிக்கும் கை உயர்த்திப் பதில் சொன்னான்.

உங்கள் மகளின் தம்ளர் பாலைக் குறை சொல்லவில்லை. அது போதாது, அவ்வளவுதான். சர்க்கரையும் மாவும் கலந்து கொடுத்தாலும், ஜாம் தடவிய ரொட்டி கொடுத்தாலும் பசி சீக்கிரம் திரும்பிவிடும். நின்று தாங்குவதற்குப் பருப்போ முட்டையோ பயறோ வேண்டும். உளுந்து அரைத்துச் சேர்த்த இட்லியும் சாம்பாரும், பாசிப்பருப்புப் பொங்கல், அவித்த முட்டையோடு ஒரு தோசை எல்லாமே நல்லவை. நேரமே இல்லாத நாளில் முளைகட்டிய பயறும் வாழைப்பழமும் போதும். எங்கள் வீட்டில் வாரத்தில் இரண்டு நாள் மோர் ஊற்றிய பழைய சோறும் சின்ன வெங்காயமும் நிலக்கடலைத் துவையலும்தான். அதை ஏழையின் உணவு என்று ஒதுக்குகிறவர்கள் மீது எனக்குக் கோபம் உண்டு.

பிள்ளைகளுக்கு டீ கொடுக்காதீர்கள். உணவோடு டீ குடித்தால் உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வது குறைகிறது. வயதுக்கு வரப்போகும் பெண் குழந்தைக்கு அது பெரிய இழப்பு.

இனி நீங்கள். காலை உணவை விட்டால் எடை கூடும் அல்லது குறையும் என்று பெரியவர்களுக்கு அடித்துச் சொல்ல மாட்டேன், ஆய்வுகள் ஒரே பதிலைத் தரவில்லை. ஆனால் நீரிழிவுக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவரானால், மருத்துவரைக் கேட்காமல் ஒரு வேளையையும் தவிர்க்காதீர்கள், சர்க்கரை திடீரென்று இறங்கிவிடலாம். இன்னொன்று, டீயோடு எழுந்து போகும் அம்மாவைப் பார்த்துத்தான் மகளும் பாலோடு எழுந்து போகிறாள்.

காலையில் சாப்பாடு இறங்கவில்லை என்கிறாளா? இரவு உணவை ஏழரை மணிக்கு முடித்துப் பாருங்கள், அரை மணி நேரம் முன்னதாக எழுப்புங்கள். முதல் மூன்று நாள் ஒரு இட்லியோடு நிறுத்தினாலும் வற்புறுத்த வேண்டாம். இரண்டு வாரம் கழித்து அவளுடைய வகுப்பாசிரியரிடம், இரண்டாம் பாடவேளையில் எப்படி இருக்கிறாள் என்று மட்டும் கேளுங்கள்.