கேளுங்க அக்கா: பக்கத்து வீட்டுப் பையனைப் பிறந்தநாளுக்குக் கூப்பிடலாமா?

கேள்வி: அக்கா, என் மகளுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை 5 வயது ஆகிறது. பக்கத்து வீட்டில் 6 வயதுப் பையன், ஆட்டிசம் என்று சொல்லியிருக்கிறார்கள். பேச்சு ரொம்பக் குறைவு, ஆனால் சாயங்காலம் ஆனால் என் மகளோடு மண்ணில் உட்கார்ந்து விளையாடுவான். அவனையும் கூப்பிட எனக்கு ஆசை. மாமியார்தான், "கேக் வெட்டற நேரத்துல அவன் கத்துனா அவங்கம்மாவுக்குத்தான் சங்கடம், கூப்பிடாம இருக்கறதே மரியாதை" என்கிறார். கோயில் திருவிழாவில் செண்டை மேளம் ஆரம்பித்ததும் அவன் காதைப் பொத்திக்கொண்டு ரோட்டுக்கு ஓடியதை ஊரே பார்த்தது. என்ன செய்யட்டும்?
- வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: கூப்பிடுங்கள். உங்கள் மாமியார் அக்கறையில்தான் சொல்கிறார், ஆனால் வரலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியது அந்தப் பையனின் அம்மா, நீங்கள் இருவரும் இல்லை. நீங்கள் கூப்பிடவில்லை என்றால் மதிலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பாட்டையும் கைதட்டலையும் கேட்டுக்கொண்டிருப்பார்கள், அதைவிடச் சங்கடம் எது?

வாட்ஸ்அப்பில் கார்டு அனுப்பி முடித்துவிடாமல் நேரில் போய்க் கேளுங்கள்: அவனுக்கு எது பிடிக்கும், எது ஆகாது, எவ்வளவு நேரம் தாங்குவான். நான் இங்கே என்ன எழுதினாலும் அந்த அம்மா சொல்வதுதான் கணக்கு, ஏனென்றால் ஆட்டிசம் உள்ள இரண்டு குழந்தைகள் ஒரே மாதிரி இருப்பதில்லை. ஒருவனுக்குச் சத்தம் ஆகாது, இன்னொருவன் ஸ்பீக்கரில் காதை ஒட்டவைத்துக்கொண்டு நிற்பான்.

பக்கத்து வீட்டுப் பையனுக்குச் சத்தம் ஆகாது என்பதைச் செண்டை ஏற்கெனவே சொல்லிவிட்டது. அதனால் பார்ட்டி பாப்பர், ஸ்னோ ஸ்ப்ரே இரண்டும் வேண்டாம், பாட்டுப் பெட்டியைப் பாதியாகக் குறையுங்கள். பலூனைப் பற்றித் தனியாகக் கேளுங்கள், உடையும் சத்தத்தைவிட எப்போது உடையுமோ என்ற பயமே சில குழந்தைகளுக்குப் பெரிது. அப்புறம் அந்தக் கேக் வெட்டும் நிமிடம். மெழுகுவத்திக்காக லைட்டையும் ஃபேனையும் அணைக்கிறோம், எல்லாரும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறோம், திடீரென்று கூட்டமே ஒரே குரலில் பாடிக் கை தட்டுகிறது. யோசித்தால் நமக்கே கொஞ்சம் பயமாகத்தான் இருக்க வேண்டும்! அந்த நேரம் மட்டும் அவனும் அம்மாவும் பின்பக்கம் இருந்துவிட்டு, பாட்டு முடிந்ததும் கேக்குக்கு வரட்டும். கேக் சாப்பிட்டால் அவனும் விழாவுக்கு வந்தவன்தான்.

தெரிந்த வீடுதானே என்று நினைப்பீர்கள். தெரிந்த வீடு ஒரே நாளில் ஜரிகைத் தோரணமும் புது நாற்காலிகளும் அறியாத முகங்களுமாக மாறியிருப்பதுதான் அவனைக் குழப்பும். அலங்காரம் முடிந்ததும் இரண்டு போட்டோ எடுத்து அவன் அம்மாவுக்கு அனுப்புங்கள், காட்டிவைக்கட்டும். மற்றவர்களுக்கு அரை மணி நேரம் முன்னால் அவனை வரச் சொன்னால் கூட்டம் அவன் கண் முன்னால் மெதுவாகச் சேரும். ஒரு அறையை யாரும் நுழையாமல் வைத்திருங்கள்: பாய், ஃபேன், அவனுக்குப் பிடித்த ஏதாவது ஒரு பொருள். "கத்தினால் அங்கே போடலாம்" என்பதற்காக இல்லை, போதும் என்று தோன்றும்போது அவனே போக ஓர் இடம், அவ்வளவுதான்.

வாசல் கேட்டை மறந்துவிடாதீர்கள். மற்றதெல்லாம் கொஞ்சம் முன்னே பின்னே ஆனாலும் பரவாயில்லை, இது மட்டும் கூடாது. ஏற்கெனவே ரோட்டுக்கு ஓடியவன். விசேஷ வீட்டில் ஆள் வருவதும் போவதுமாகக் கேட் திறந்தே கிடக்கும், எல்லாரும் பார்த்துக்கொள்கிறார்கள் என்று நினைத்து யாருமே பார்க்க மாட்டார்கள். இப்படிச் சட்டென்று கிளம்பிப் போகும் குழந்தைகள் பலருக்குத் தண்ணீர் மேல் ஈர்ப்பு உண்டு, உங்கள் பக்கம் கிணறும் கால்வாயும் இல்லாத தெரு ஏது? கிணற்றை மூடுங்கள், கேட்டருகே ஒரு பெரியவரை உட்காரவையுங்கள். அந்த வேலையையும் அவன் அம்மா தலையிலேயே கட்டாதீர்கள், அவர் ஒரு நாளாவது உட்கார்ந்து சாப்பிடட்டும்.

சாப்பாட்டில், "ஒரு வாய், ஒரே வாய்" வேண்டாம். குறிப்பிட்ட நாலைந்து பண்டம் மட்டுமே சாப்பிடும் குழந்தைகள் இருக்கிறார்கள், அவன் டப்பாவோடு வந்தால் தப்பாக நினைக்காதீர்கள். முகத்தில் கிரீம் பூசுவது, இழுத்துவைத்துப் போட்டோ எடுப்பது, இதெல்லாம் எந்தக் குழந்தையிடமும் செய்யாமல் இருப்பது நல்லது என்பது என் கட்சி.

அப்படியும் கத்தினால்? கத்தட்டும். அது அடம் இல்லை, தாங்க முடியாமல் போய்விட்டது என்று அர்த்தம். பாட்டை நிறுத்துங்கள், சுற்றி நிற்பவர்களைத் தள்ளிப் போகச் சொல்லுங்கள், அவன் அம்மாவிடம் மட்டும் "என்ன செய்யட்டும்" என்று கேளுங்கள். வீடியோ எடுக்கப் போனை நீட்டும் சித்தப்பா யாராவது இருப்பார், அவரை உங்கள் மாமியாரிடம் ஒப்படையுங்கள், அதட்டுகிற வேலை அவருக்குச் சரியாக வரும். வரும் குழந்தைகளிடம், "அவனுக்குப் பெரிய சத்தம் ஆகாது, அதிகம் பேச மாட்டான், ஆனா நீங்க பேசறது கேக்கும்" என்று சொன்னால் போதும். உங்கள் மகளுக்கு அதுவும் தேவையில்லை, அவள்தான் தினமும் அவனோடு விளையாடுகிறாளே.

கேள்வி: என் மகனுக்கு 7 வயது, ஆட்டிசம். பிறந்தநாள் விழாவுக்குப் போனால் பத்து நிமிடத்தில் திரும்ப வேண்டியிருக்கிறது. கண்டித்து வளர்க்கவில்லை என்று நாத்தனார் குறை சொல்கிறார். இனிமேல் போகாமலே இருந்துவிடலாமா?
- வாசகி, களியக்காவிளை

பதில்: பத்து நிமிடம் இருந்தால் போய்வந்ததாகத்தான் அர்த்தம் அம்மா. முன்கூட்டியே சொல்லிவிட்டு, கூட்டம் சேருவதற்குள் போய்ப் பரிசைக் கொடுத்து, அவன் சிரித்துக்கொண்டிருக்கும்போதே கிளம்புங்கள். அழுத பிறகு கிளம்பினால் அந்த வீட்டைப் பற்றி அவனுக்கு அழுகைதான் ஞாபகம் இருக்கும். போகும் முன் படங்களை வரிசையாகக் காட்டுங்கள்: புதுச் சட்டை, ஆட்டோ, அந்த வீடு, கேக், திரும்ப நம் வீடு. கடைசிப் படத்தை விட்டுவிடாதீர்கள், எப்போது முடியும் என்று தெரிந்தால்தான் அவனால் பொறுக்க முடியும்.

நாத்தனாருக்கு: அம்மா பாசம் காட்டாததால்தான் ஆட்டிசம் வருகிறது என்று ஒரு காலத்தில் மருத்துவர்களே நம்பினார்கள், அது தப்பு என்று தெரிந்து பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. இது மூளை வளர்ச்சியில் உள்ள வித்தியாசம், வளர்ப்பில் உள்ள குறை இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 பட்டியலிடும் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. இதற்கு மேலும் பேசினால், ஒரு சனிக்கிழமை முழுக்கப் பையனை அவரிடம் விட்டுவிட்டு நீங்கள் சந்தைக்குப் போய்வாருங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டு விசேஷத்துக்கு வரும் ஆட்டிசக் குழந்தைக்கு ரிட்டர்ன் கிஃப்ட் தனியாக வாங்கணுமா?
- வாசகர், செங்கோட்டை

பதில்: வேண்டாம், எல்லாருக்கும் கொடுக்கும் பையையே கொடுங்கள். எதையும் வாயில் வைக்கிற குழந்தையா என்று மட்டும் கேட்டுவிட்டு, அப்படியென்றால் பொடிப்பொடியான சாமான்களை எடுத்துவிடுங்கள். விசிலை எந்தப் பையிலும் போடாதீர்கள். இதை அந்தக் குழந்தைக்காக மட்டும் சொல்லவில்லை.